நாலு மில்லி இடைவெளி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் இடித்தால்கூட அரை நாள் மல்லுக்கு நிற்பாள் என்பதால் வந்த பெயர். அதை வைத்தவர் எதிர் மேஜைக்காரர். பதிலுக்கு அவள் அவருக்கு வைத்த பெயர் மூடிக்காரர். அதுவும் ஒட்டிக்கொண்டது. வாசலில் காவலுக்கு நிற்பவர்கூட, "மூடிக்காரர் வந்தாச்சு, மில்லி இன்னும் வரலை" என்று சொல்கிற அளவுக்கு.

அவர் செய்த வேலை அப்படி. மேலே கம்பி கட்டாமல் மின்சார ரயில் ஓட்டுவதற்கு ஒரு வழி உண்டு. ரயில் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கும் கீழே, மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போகும். அதில் எழுநூற்றைம்பது வோல்ட் மின்சாரம் இருக்கும். ரயிலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புத் துண்டு அந்தத் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தை உரசியபடியே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு ஷூ என்று பெயர். பாதையில் வேலை செய்கிறவனுக்குக் கால் இடறினாலும், கையிலிருக்கும் சாமான் நழுவினாலும் மின்சாரத்தின் மேல் படக் கூடாது. அதற்காக மேலேயும் இரண்டு பக்கமும் மூடி போட்டு, ஷூவுக்காக அடியில் மட்டும் திறந்து விடுவார்கள். அந்த மூடி என்ன வடிவத்தில் இருக்க வேண்டும், எதில் செய்ய வேண்டும், எவ்வளவு தூரத்துக்கு ஒரு கொக்கி, ஆள் ஏறி மிதித்தால் எவ்வளவு வளையலாம் என்று கணக்குப் போட்டுப் படம் வரைவதுதான் அந்த அறையின் வேலை. அவர் வரைவார். அவள் சரிபார்ப்பாள். பத்தொன்பது வருஷம் அப்படி ஓடியது.

அவளுக்கென்று வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் முதலில் அமையவில்லை. பிறகு அமைந்தபோது அவளுக்கு அதில் மனம் இல்லை. அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் அவளும் ஒரு ரேடியோவும்தான். எதிர் மேஜைக்காரரை எப்போது அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் மனைவி அண்ணி ஆனாள். அவர்கள் மகள், பேசப் பழகிய நாளிலிருந்தே அவளை அத்தை என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அந்த வீட்டில்தான். போகாவிட்டால் அண்ணி போன் செய்து, "என்ன, நாங்க எதாவது தப்பு பண்ணிட்டோமா?" என்று கேட்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, அலுவலகப் படியேறிக்கொண்டிருந்த அண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மில்லி இரண்டு படி மேலே இருந்தாள். திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, மூச்சு வாங்குதா, வயசாயிடுச்சா?" என்று கேலி செய்தாள். அவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எதற்குமே சொல்லவில்லை.

அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. புதுப் பாதையின் படங்களெல்லாம் முன்பே முடிந்துவிட்டதால் அவசரமும் இல்லை. மில்லி தனியாக அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். மற்ற அறைக்காரர்கள் ஆரம்பத்தில், "எங்ககூட வந்து சாப்பிடுங்களேன்" என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் போனாள். அங்கே எல்லோரும் வீட்டுக் கதை பேசினார்கள். அவளிடம் சொல்ல வீட்டுக் கதை இல்லை. மறுநாள் போகவில்லை, அவர்களும் வற்புறுத்தவில்லை. சில நாள் காலையில் காவலாளிக்கு ஒரு வணக்கம் சொன்னால், மாலையில் "வரேன்" என்று அவரிடமே சொல்லும்வரை வாயைத் திறக்க வேண்டியதே இருக்காது. குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை அறையில் தனக்குத்தானே இருமிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டதால் அண்ணியும் தனியாகத்தான் இருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரயில்வே கட்டிக்கொண்டிருந்த புதுப் பயிற்சிக் கூடத்தில் அண்ணன் படத்தை மாட்டப் போவதாக அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். அண்ணிக்கு அதுதான் ஒரே பேச்சு. பழைய ஆல்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "மீசை வச்ச போட்டோ குடுக்கறதா, எடுத்த போட்டோ குடுக்கறதா?" என்று மூன்று வாரம் யோசித்தாள்.

"வச்சதையே குடுங்க அண்ணி. எடுத்ததுல யாரோ மாதிரி இருக்கார்."

"அதுல ஆள் உம்முன்னு இருக்காரே."

"வேலையில அப்படித்தான் இருப்பார்."

"என்கிட்ட மட்டும் என்ன பல்லைக் காட்டிட்டா இருந்தார்?" என்று அண்ணி சிரித்தாள். பிறகு படத்தைத் துணியால் துடைத்தபடி, "ஆனா ஒண்ணு. அவர் போட்ட மூடி இருக்கற இடத்துல ஒருத்தருக்குக்கூட அடிபட்டதில்லை. அடிக்கடி சொல்வார். பெருமை அடிச்சுக்கற மனுஷன் இல்லை. இதை மட்டும் சொல்வார்" என்றாள்.

அது உண்மைதான். அந்த ஞாயிறு வரைக்கும் உண்மையாக இருந்தது.

புதன்கிழமை, வெயில் ஏறிய முதல் வாரத்தில், சுரங்கத்துக்கு வெளியே புதிதாகத் திறந்த பாதையில் ஒரு மூடி தன் இடத்தைவிட்டுப் பிதுங்கி வெளியே வந்தது. மதியம் வந்த ரயிலின் ஷூ அதில் மோதி மூன்று மூடிகளை உடைத்துக்கொண்டு போனது. டமால் என்று சத்தம் கேட்டதாக ஓட்டுநர் அடுத்த நிலையத்தில் சொன்னார். அந்தத் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள், பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்த ஊழியர் ஒருவர் வளைவைத் தாண்டிவிட்டார். தோளில் நீளமான ஸ்பேனர். அங்கே மூடி இருக்கும் என்று அவர் கால்களுக்குப் பழக்கம். ஸ்பேனர் சரிந்து, ஒரு முனை வெறும் தண்டவாளத்திலும் மறு முனை பக்கத்து இரும்பிலும் பட்டது. உயிர் தப்பியது. வலது கை வெந்துபோனது.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் மில்லியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருப்பவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

"பொருத்தின ஆளுங்க சரியா இடைவெளி விடலைன்னு சொல்றாங்க. மூடிக்கும் மூடிக்கும் நடுவுல நாலு மில்லி விடணும்னு படத்துல தெளிவா இருக்கு. ஒட்ட ஒட்ட வச்சுத் தள்ளிட்டாங்க போல. மேஸ்திரிகிட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் போயாச்சு. நீங்க போய் அளந்து ஒரு அறிக்கை குடுத்துடுங்க."

"அண்ணன் இருந்தா அவரே போயிருப்பார்" என்றாள் மில்லி.

"அதனாலதான் உங்களை அனுப்பறேன். அவரோட படத்தை உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அந்தப் பகுதியில் மின்சாரத்தை நிறுத்தி, ரயிலையும் நிறுத்தியிருந்தார்கள். மில்லி அடுத்த நாள் காலை ஆறரைக்கே அங்கே போய்விட்டாள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் பாதை, தலைக்கு மேலே வானம். சாம்பல் நிற மூடிகள் ஐந்து மீட்டர் நீளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போயின. காலையின் குளிர்ச்சி இன்னும் விலகவில்லை. மேஸ்திரி அவளுக்கு முன்பே வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். எழுந்து நின்றார்.

"நீங்கதான் ஆபீஸ்லேர்ந்து வர்ற மேடமா? உங்க அறிக்கை வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. இதைப் பாருங்கம்மா." இடுப்பில் சாவிக்கொத்தோடு தொங்கிய ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துக் காட்டினார். "உங்க ஆபீஸ்ல குடுத்ததுதான். நாலு மில்லி. இதை நடுவுல வச்சுத்தான் ஒவ்வொண்ணையும் மாட்டினோம். ஒண்ணுவிடாம. எங்க ஆளுங்க என்னைக் கேலி பண்ணுவாங்க, என்ன மேஸ்திரி தாலாட்டிக்கிட்டே மாட்றீங்கன்னு."

அந்தத் தகடுகளைச் செய்து அனுப்பச் சொன்னவளே மில்லிதான். அதை வாங்கி ஓர் இடைவெளியில் நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு, சரியாகப் போனது. அடுத்ததில் நுழைத்தாள். அதுவும் சரி. இருபது இடைவெளிகளை அளந்தாள். எல்லாம் நாலு மில்லி, மிஞ்சினால் நாலேகால். நோட்டில் எழுதிக்கொண்டு, "சரியாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்றார் மேஸ்திரி.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இடைவெளி சரியாக இருந்தால் மூடி ஏன் பிதுங்கியது என்ற கேள்வி நின்றது. அதற்குப் பதில் தெரியாமல் அவளால் கிளம்ப முடியவில்லை. "கொஞ்ச நேரம் இருந்து பார்க்கறேன்" என்றாள். மேஸ்திரியும் போகவில்லை. சுவர் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் குடுவையிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

எட்டரைக்கு வெயில் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஒன்பதரைக்குத் தகடு இறுக்கமாகப் போனது. பத்து மணிக்குப் போகவே இல்லை. பதினொரு மணிக்கு மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நுழைத்துப் பார்த்தார்.

"பேப்பர்கூட நுழையலைம்மா" என்றார்.

மூடியின் மேல் கை வைத்தாள். சுட்டது. எங்கேயோ பக்கத்தில் டொக்கென்று ஒரு சத்தம். இரண்டு மூடிகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் சில இணைப்புகள் கூரை மாதிரி லேசாக மேலே தூக்கிக்கொண்டன. அவள் கண்ணெதிரில்தான் அவ்வளவும் நடந்தது. யாரும் தொடவில்லை.

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் படத்தைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அலுவலகம் திரும்பினாள்.

பழைய மூடிகள் கண்ணாடி இழையில் செய்தவை. வெயிலில் அவை நீளுவது ரொம்பக் கொஞ்சம். ஐந்து மீட்டருக்கு இரண்டு மில்லி. அதற்கு நாலு மில்லி இடைவெளி தாராளம். மூன்று வருஷத்துக்கு முன்பு, எடை குறைவாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பிளாஸ்டிக் அதே வெயிலில் பதினாலு மில்லி நீளும். அண்ணன் படத்தைத் திருத்தினார். பொருளின் பெயரை மாற்றினார், எடையை மாற்றினார், கொக்கியின் தூரத்தை மாற்றினார். இடைவெளியை மட்டும் மாற்றவில்லை. பழைய நாலு அப்படியே நின்றது. இரண்டு வருஷமாக அந்தப் பிளாஸ்டிக் மூடிகள் சுரங்கத்துக்குள்ளேயே இருந்தன. அங்கே வெயில் ஏது? ஒன்றும் ஆகவில்லை. இப்போதுதான் வெளியே வந்திருந்தன.

படத்தின் மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் கட்டத்தில் அண்ணன் கையெழுத்து. இரண்டாவதில் அவளுடையது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் மகளுக்குப் பதினாறாவது பிறந்தநாள். ஐந்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். "இதை நாளைக்குப் பார்த்துக்கலாமா?" என்று அண்ணன் கேட்டார். "நீங்க போட்டதுல நான் என்னத்தைப் புதுசா பார்க்கப் போறேன்?" என்று சொல்லி, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களின் படத்தில் அரை மில்லிக்கு அரை நாள் சண்டை போடுகிறவள். பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

தலையை மேஜையில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. எதிர் மேஜைப் பக்கம் பார்த்து, "என்னண்ணே இது" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தலைமைப் பொறியாளரிடம் படத்தைக் கொண்டுபோய் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணாவது கட்டத்துல என் கையெழுத்தும் இருக்கு" என்றார்.

"ஆமா சார்."

"பாருங்க, மேஸ்திரி மேலயும் வேண்டாம், அவர் மேலயும் வேண்டாம். எதிர்பாராத வெயில்னு எழுதிட்டா என்ன?"

"வெயில் என்ன சார் எதிர்பாராதது? வருஷா வருஷம் வருது."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அடுத்த மாசம் அவர் படத்தை மாட்டறதா இருக்கோம். யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன். இன்னும் பதினோரு கிலோமீட்டர் வெளியில போடப் போறாங்க. வெயில்னு எழுதினா இதே படம்தான் அங்கயும் போகும். இன்னொருத்தர் கை வேகும்." கொஞ்சம் நிறுத்தி, "திங்கட்கிழமை காலையில அறிக்கை தரேன். அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள்.

அவர் எந்த இடம் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். படத்துக்குச் சட்டம் போட்டு வந்திருந்தது. மீசை வைத்த படம்தான். சோபாவில் சாய்த்து வைத்திருந்தாள். மில்லி சாப்பிட உட்காரவில்லை.

"அண்ணி, முதல்ல ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் சாப்பாடு போடுங்க."

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

சொன்னாள். தொழில் வார்த்தை எதுவும் இல்லாமல், விபத்தில் தொடங்கி, காலையில் நுழைந்த தகடு பத்து மணிக்கு நுழையாமல் போனது, பொருள் மாறியது, எண் மாறாதது வரை வரிசையாகச் சொன்னாள். அண்ணி கரண்டியைப் பிடித்தபடியே நின்று கேட்டாள்.

"அப்ப அந்த ஆளோட கை வெந்தது உங்க அண்ணனாலதான்னு எழுதப் போற."

"எங்க ரெண்டு பேராலயும். நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதறேன். அதைத்தான் முதல்ல எழுதறேன்."

"நீ எழுதுவ. யார் கேட்டாலும் பதில் சொல்வ. திட்டினா வாங்கிப்ப, நாளைக்கு வேற ஒரு நல்ல மூடி செஞ்சு பேர் எடுத்துப்ப. நீ உயிரோட இருக்க." அண்ணியின் குரல் உயரவில்லை. "அவர் எங்க வந்து பேசுவார்? அவருக்கு இருந்ததே அந்த ஒரு பெருமைதான். அதையும் நீ போய்ப் புடுங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் செய்யாத மேஸ்திரிக்கு வேலை போகும் அண்ணி."

"அந்த மேஸ்திரி உனக்கு யாரு?"

யாரும் இல்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்தவர்.

"சொந்தத் தங்கச்சியா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?" என்று அண்ணி கேட்டாள். கேட்ட பிறகு அவளே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தட்டுகளில் ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

மில்லி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பசித்தது. பசிக்கிறதே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை அறிக்கை போனது. முதல் பக்கத்தில், சரிபார்க்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்று எழுதியிருந்தாள். மேஸ்திரியின் மேல் இருந்த விசாரணை ரத்தானது. தலைமைப் பொறியாளர் தானாகவே மூன்றே மாதத்தில் முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டார். போகும்போது அவள் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினார். மில்லியின் கையெழுத்து அதிகாரத்தை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்து, பணிமனைக்குப் பின்னால் இருந்த சோதனைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். புது இணைப்பு ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார்கள். பயிற்சிக் கூடத்தில் எந்தப் படமும் மாட்டப்படவில்லை. சட்டம் போட்ட படம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

கொட்டகை நீளமானது. தகரக் கூரை. ஒரு பக்கம் வெப்ப விளக்குகள், மறு பக்கம் வரிசையாக மூடிகள். காலையில் விளக்கைப் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து எழுத வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து ரேடியோவை எடுத்து வந்தாள். தகரக் கூரைக்குக் கீழே அது கரகரவென்று மட்டும்தான் பாடியது. இரண்டு நாளில் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

இரண்டு மூடிகளையும் முட்டுக்கு முட்டு வைக்காமல், ஒன்றின் முனை இன்னொன்றின் மேல் சட்டைக் கை மாதிரி ஏறியிருக்கும்படி ஓர் உறை செய்தாள். வெயிலில் நீண்டால் உறைக்குள்ளேயே போய்க்கொள்ளும், குளிரில் பின்வாங்கினாலும் தண்டவாளம் வெளியே தெரியாது. முதல் மூன்று உறைகள் இறுகி உடைந்தன. நாலாவது தளர்ந்து ஆடியது. ஏழாவது நின்றது. நின்ற அன்று சுற்றிலும் பார்த்தாள். சொல்வதற்கு யாருமில்லை. கொட்டகையைப் பெருக்க வந்த பெண்ணிடம், "இது நின்னுடுச்சு" என்றாள். அந்தப் பெண், "அப்படியா, ரொம்ப நல்லதும்மா. காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கடினமாக இருந்தன. மதியம் சமைக்க அவளுக்குப் பழக்கமே இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைத்தெரு வரை நடந்து, ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சுற்று வழியாகத் திரும்பி வருவாள். நாலு தடவை அண்ணிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை செய்யவில்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் அண்ணன் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, நான் பேசறேன்னு அம்மாவுக்குத் தெரியாது."

"நல்லா இருக்கியா? சாப்பிடறியா?"

"அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். அப்பா இருந்து, இது அவருக்கே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

மில்லி யோசித்தாள். குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி எதையும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

"முதல்ல என்னைத் திட்டியிருப்பார். உனக்கு எதுக்குச் சம்பளம், பார்க்கறதுக்குத்தானேன்னு. அப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசியிருக்க மாட்டார். மூணாவது நாள் போய்ச் சொல்லியிருப்பார்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்னு எப்படிம்மா சொல்றது? எனக்குத் தெரிஞ்ச அண்ணன் சொல்லியிருப்பார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மா உங்களைப் பத்திப் பேச்சே எடுக்கறதில்லை. நானா எடுத்தா எழுந்து போயிடறாங்க" என்றாள் மகள். பிறகு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். மில்லி அன்று மாலை முழுக்க போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெயில் காலத்தில் புது உறைகளை வெளிப்பாதை முழுவதும் போட்டு முடித்தார்கள். முதல் சூடான நாளில் மேஸ்திரி அவளை வரச் சொன்னார். கை வெந்த ஊழியரும் வேலைக்குத் திரும்பியிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் டீ வாங்கிக் கொடுத்தார். மில்லி அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. அந்தப் படத்துல நான்தான்..."

"தெரியும்மா. மேஸ்திரி சொன்னாரு." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பொண்டாட்டி திட்டறா, பாத்திரம் தேய்க்காம இருக்க நல்ல சாக்கு கிடைச்சுதுன்னு." சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, "சில நாள் வலிக்கும். பொய் சொல்லக் கூடாது" என்றார்.

மதியம் இரண்டு மணி வரை மூன்று பேரும் சுவர் நிழலில் நின்றார்கள். மூடிகள் நீண்டு உறைக்குள் போயின. பதிமூன்றரை மில்லி, பதினாலு. எதுவும் தூக்கவில்லை. ரயில்கள் வந்து போயின. ஷூ உரசும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மில்லி கடைசி அளவை எழுதிவிட்டு, அவர்களிடம் சொல்லிக்கொண்டு, ரயில் ஏறினாள்.

தன் நிலையத்தில் இறங்கவில்லை. மூன்று நிலையம் தள்ளி, அண்ணி வீட்டு நிலையத்தில் இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வெயில் திடீரென்று மங்கி, காற்று எழுந்திருந்தது. தெருவில் துணி காயப் போட்டிருந்தவர்கள் அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பு மணியை அழுத்திவிட்டு, ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்தது அண்ணிதான். ஒரு வருஷத்தில் இளைத்திருந்தாள். தலைமுடியை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாள்.

"புது மூடி நின்னுடுச்சு அண்ணி. இன்னிக்குப் பார்த்துட்டு வரேன். அதான் சொல்லலாம்னு..."

அண்ணி உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மில்லியின் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள்.

"குடை கொண்டு வந்தியா?"

"இல்ல."

"எப்பதான் கொண்டு வந்திருக்க."

உள்ளே போனாள். கதவு பாதி திறந்தபடியே இருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலியும், மடித்து வைத்த செய்தித்தாளும் தெரிந்தன. அண்ணி திரும்பி வந்து ஒரு கறுப்புக் குடையை நீட்டினாள். மில்லி வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்வதற்குள் அண்ணி கதவைச் சாத்தினாள். ஓங்கி அடிக்கவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தெருமுனை வருவதற்குள் பெரிய பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்தது. மில்லி குடையை விரித்துக்கொண்டு நிலையத்தைப் பார்த்து நடந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க வர வேண்டும். எப்போது வரலாம் என்று அண்ணி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.